கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸ்: எங்கிருந்து தொடங்குவது?

திருவல்லிக்கேணி ரசிகர்:

மார்கழி முழுக்க சபா சபாவாக அலைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சீசன் முடிந்து பொங்கலும் போய்விட்டால் காது சும்மா கிடக்கும். இந்த வருஷம் அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான்: "மாமா, ஜாஸ் கேளுங்க. அதுவும் மேடையிலேயே கற்பனை பண்ணி வாசிக்கிற மனோதர்மம்தான், உங்களுக்குப் பிடிக்கும்." டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை போனுக்கு அனுப்பியும் வைத்தான்.

கேட்டேன். இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து நிமிஷத்தில் மனசு வேறெங்கோ போய்விடுகிறது. பெரிய ஹோட்டல் லாபியில் யாருக்காகவோ காத்திருக்கும்போது காதில் விழுகிற சங்கீதமாகவே படுகிறது. யார் எங்கே தொடங்குகிறார், எங்கே முடிக்கிறார், எதற்குக் கை தட்டுவது, எதுவும் பிடிபடவில்லை.

எப்படிக் கேட்பது? எந்த ரிக்கார்டிங்? அப்புறம் ஒரு சந்தேகம்: யாரைக் கேட்டாலும் 1959இல் வந்த இந்த ஆல்பத்தையே சொல்கிறார்களே, அதற்குப் பிறகு ஜாஸில் ஒன்றும் நடக்கவில்லையா?

தகதிமி:

சார், நீங்கள் சரியான இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள், அவ்வளவுதான். நான் மிருதங்கம் கற்கிறேன், எனக்கு ஜாஸ் பிடிபட்டது அப்படித்தான்.

முதல் பாட்டு 'ஸோ வாட்'. தொடக்கத்தில் அரை நிமிஷம் பியானோவும் பேஸும் (கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம்) தாளத்தில் பட்டும் படாமலும் போகும், அதை விடுங்கள். பிறகு பேஸ் ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் 'ஆமாம்' போடுகிற மாதிரி இரண்டே அடியில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து ஆதி தாளம் போடுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குப் பதினாறு ஆவர்த்தனம், அதாவது எட்டு எட்டாகப் பதினாறு தடவை. முதல் எட்டு, இரண்டு கட்டைச் சுருதியில் கரகரப்ரியா ராகம். அடுத்த நாலு, அதே கரகரப்ரியா இரண்டரைக் கட்டையில். கடைசி நாலு, மறுபடி இரண்டு கட்டைக்கு இறங்கிவிடும். பாட்டு முடிகிறவரை இந்தச் சுற்று மாறவே மாறாது. மேலே வாசிக்கிற ஆள்தான் மாறுவார்.

ஒன்றரை நிமிஷம் தாண்டியதும் டிரம்ஸில் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அந்த ஒலி அடங்குவதற்குள் மைல்ஸ் தொடங்கிவிடுவார். அவருக்கு இரண்டு சுற்று. அடுத்து சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. மைல்ஸ் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார், கோல்ட்ரேன் அதே இடத்தை எப்படி அடைத்து நிரப்புகிறார் என்று பாருங்கள். இரண்டரைக் கட்டைக்கு ஏறுகிற இடம் உங்கள் கைக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தால் அப்புறம் மனசு எங்கும் போகாது.

சைதாப்பேட்டை சந்தேகம்:

கரகரப்ரியா என்று சொல்லாதீர்கள் அம்மா. ஏழு ஸ்வரம் ஒத்துப்போனால் ராகம் ஆகிவிடுமா? ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லை, ராகத்தைக் காட்டிக்கொடுக்கிற பிடி இல்லை, எங்கே நின்றால் அழகு என்ற கணக்கும் வேறு. கரகரப்ரியாவில் 'சக்கனி ராஜ' கீர்த்தனை கேட்ட காதோடு போய் அங்கே உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒப்பிட்டால்தான் ரசிக்க முடியும் என்றால் அதை ரசிக்கவே வேண்டாமே.

தகதிமி:

வழி தெரியாதவருக்கு அடையாளம் சொன்னேன் சார். ராக லட்சணம் எழுதவில்லை.

பெரம்பூர் பேஸ்:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் பெரிய விஷயத்தை இரண்டு பேரும் தொடவில்லை. நான் பல வருஷம் கல்யாண பேண்டிலும் ஸ்டுடியோவிலும் பேஸ் வாசித்தவன், அந்த மூலையிலிருந்து சொல்கிறேன்.

நம் கச்சேரியில் தம்பூரா நகராது. பாடுகிறவர் எங்கே போனாலும் ஸட்ஜம் அங்கேயே இருக்கும். ஜாஸில் அந்த அடித்தளமே நகரும். டிரம்பெட் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருக்கும், கீழே பியானோ கார்டை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டை) மாற்றும், அவ்வளவு நேரம் பஞ்சமமாகக் கேட்டது சட்டென்று காந்தாரமாகக் கேட்கும். டிரம்பெட் வாசிக்கிறவர் ஒன்றுமே செய்யவில்லை! இந்தச் சுகம் நம் சங்கீதத்தில் இந்த வடிவில் கிடையாது. அதனால் மெலடியை மட்டும் பின்தொடர்ந்தால் கமகம் இல்லாத ராகமாகத்தான் கேட்கும், சைதாப்பேட்டைக்காரருக்குக் கேட்ட மாதிரி. ஒரு தடவை மைல்ஸை மறந்துவிட்டு பில் எவன்ஸின் இடது கையை மட்டும் கேளுங்கள். இன்னொரு தடவை பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்பதற்கு எளிது என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். அதில் மைல்ஸ் வேண்டுமென்றே கார்டு மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்கேலில் வெகுநேரம் உலாவ விட்டார். அதே 1959இல் கோல்ட்ரேன் எதிர்ப்பக்கம் போய்ப் பதிவு செய்தது 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. ஏழு கட்டை, ஐந்து கட்டை, இரண்டரைக் கட்டை என்று மூன்று சுருதிகளுக்கு நடுவே மூச்சுவிட நேரமில்லாமல் தாவிக்கொண்டே இருக்கும் பாட்டு. பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவரே தன் முறை வந்ததும் தட்டுத்தடுமாறி, கடைசியில் வெறும் கார்டுகளைப் போட்டு ஒப்பேற்றுவார். அதையும் அப்படியே ஆல்பத்தில் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தடுமாற்றம் அது.

பூஞ்சை படிந்த எல்பி:

'கைண்ட் ஆஃப் ப்ளூ' பற்றி ஒரு எச்சரிக்கை. 1959 மார்ச் 2ஆம் தேதி நடந்த முதல் செஷனில் ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் பழைய எல்பிகளின் முதல் பக்கத்தில் மூன்று பாட்டும் சுருதி சற்றே தூக்கலாக இருக்கும். 1990களில் வந்த மறுபதிப்பில்தான் சரி செய்தார்கள். பழைய பதிப்போடு தம்பூரா ஆப்பை வைத்து 'இரண்டு கட்டை' பார்க்கிறவர்கள் ஆப்பைத் திட்ட வேண்டாம்.

என் சிபாரிசு வேறு. பில் எவன்ஸ் டிரியோ, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் 1961 ஜூன் 25 அன்று வாசித்தது. 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பமாக வந்திருக்கிறது. பின்னணியில் கிளாஸ்கள் மோதுகிற சத்தமும் பேச்சும் கேட்டுக்கொண்டே இருக்கும். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து கேன்டீனுக்குப் போகிற நம் ஜனங்கள் மாதிரி அங்கேயும் ஒரு கூட்டம் இருந்திருக்கிறது போல! பேஸ் ஸ்காட் லஃபாரோ. பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்காமல் பியானோவோடு வாதம் பண்ணுகிற பேஸ். பதினொரு நாள் கழித்து கார் விபத்தில் போய்விட்டார், வயது 25.

மழை மாதங்களில் உறையில் வெள்ளைப் புள்ளி வந்தவர்களுக்கு: ரிக்கார்டைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்து மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும்.

திருவல்லிக்கேணி ரசிகர்:

தாளம் போட்டுப் பார்த்தேன். அந்தச் சிம்பல் அடி வரைக்கும் சரியாக வந்தது. கோல்ட்ரேன் வந்ததும் கை நின்றுவிட்டது, ஆனால் இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. பெரம்பூர்க்காரர் சொன்ன பஞ்சமம்-காந்தாரம் விஷயத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மிருதங்கக் காதுக்கு வேறு ஏதாவது இருக்கிறதா?

தகதிமி:

இருக்கிறது சார். டேவ் ப்ரூபெக் குவார்டெட்டின் 'டைம் அவுட்', அதுவும் 1959தான். 'டேக் ஃபைவ்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு: கண்டம், அதாவது ஐந்து எண்ணிக்கை, ஆனால் நாம் வழக்கமாகச் சொல்கிற தக தகிட இல்லை, தகிட தக. ஜோ மொரெல்லோ டிரம்ஸ் சோலோ முழுக்க ப்ரூபெக் அந்த ஐந்தை பியானோவில் விடாமல் போட்டுக்கொண்டே இருப்பார். நம் ஊரில் முன்வரிசை மாமா செய்கிற வேலை. அந்தத் தைரியத்தில் மொரெல்லோ அடிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுகிறார் பாருங்கள். வேகத்தைக் காட்டுகிற ஆசையே இல்லை.

அதைவிட எனக்கு 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' பிடிக்கும். தகதிமி தகதகிட என்று சங்கீர்ணம் (ஒன்பது எண்ணிக்கை) மூன்று தடவை, நாலாவது தடவை மட்டும் தகிட தகிட தகிட. கூட்டினால் அதே ஒன்பதுதான். முதல் தடவை கேட்டபோது பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இன்னொன்று. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் குறைப்பு வாசிப்பார்கள் இல்லையா, அதற்குப் பக்கத்தில் வருகிற வழக்கம் ஜாஸிலும் உண்டு. சாக்ஸபோன் நாலு பார் (தாளக் கட்டம்), டிரம்ஸ் நாலு பார் என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். நாம் அளவைச் சுருக்கிக்கொண்டே போய் மோரா என்கிற முத்தாய்ப்பில் முடிப்போம். அங்கே அநேகமாகச் சுருங்காது, பாட்டின் சுற்று முடிகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். யாரும் கையை நீட்டித் தாளம் போடாமல் அது எப்படிச் சரியாக வருகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சைதாப்பேட்டை சந்தேகம்:

எல்லாம் சரி. அவர் கேட்ட மூன்றாவது கேள்வியை எல்லோரும் சாமர்த்தியமாகத் தாண்டிப் போகிறீர்கள். 1959, 1961 என்றே போகிறது பேச்சு. ஜாஸ் இன்று ம்யூசியம். நம் ஊரில் அது பிரஞ்ச் கற்கப் போனவர்களுக்கு அலியான்ஸ் பிரான்சேயில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சாயங்காலம், இல்லையென்றால் ஹோட்டலில் பஃபேக்குப் பக்கத்தில் கீபோர்டு. இதில் இன்றைய இசையில் ஜாஸுக்கு என்ன இடம் இருக்கிறது?

ஓஎம்ஆர் ஆந்தை:

அண்ணா, நைட் ஷிஃப்டில் நான் கேட்பதில் பாதி ஜாஸ்தான், ஆனால் உங்கள் லிஸ்டில் ஒன்றுகூட இல்லை.

ராப் பாடகர் கேண்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் அ பட்டர்ஃப்ளை', 2015. அதில் வாசித்தவர்கள் யார்? ராபர்ட் க்ளாஸ்பர், தண்டர்கேட், டெரஸ் மார்ட்டின், கமாசி வாஷிங்டன். அதே வருஷம் கமாசி தன் பெயரில் போட்டது 'தி எபிக்', மூன்று டிஸ்க், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நம் பழைய காலக் கச்சேரி நீளம்! அதற்கும் முன்னால் 1991இலேயே எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் தங்கள் ஹிப்ஹாப் ஆல்பத்துக்கு ரான் கார்ட்டரைக் கூப்பிட்டு பேஸ் வாசிக்க வைத்தார்கள். மைல்ஸோடு அறுபதுகளில் வாசித்த அதே ரான் கார்ட்டர்.

லண்டனில் எஸ்ரா கலெக்டிவ் 2023இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு வாங்கினார்கள், அந்தப் பரிசை வாங்கிய முதல் ஜாஸ் குழு. அவர்கள் கச்சேரி வீடியோ பாருங்கள். ஒருத்தர் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆடுகிற கூட்டத்துக்கு வாசிக்கிறார்கள். இதையா ம்யூசியம் என்கிறீர்கள்?

சைதாப்பேட்டை சந்தேகம்:

குழம்பில் பெருங்காயம் இருக்கிறது, அதற்காகப் பெருங்காயக் குழம்பு என்று யாரும் சொல்வதில்லை. ராப் ஆல்பத்தில் ஜாஸ்காரர் வாசித்தால் அது ராப் ஆல்பம்தான்.

பெரம்பூர் பேஸ்:

ஆடுகிற கூட்டம் என்று ஆந்தைத் தம்பி சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் சரித்திரமே அங்கேதான் இருக்கிறது. முப்பதுகளில் ஜாஸ் என்றால் ஆட்டத்துக்கான சங்கீதம். பெரிய பேண்ட், பெரிய ஹால். 1944இல் அமெரிக்க அரசு, ஆட்டமும் பாட்டும் உள்ள கிளப்புகளுக்கு 30 சதவீத வரி போட்டது, பிறகு 20 ஆகக் குறைத்தது. வாத்தியம் மட்டும் என்றால் வரி கிடையாது. கிளப்காரன் என்ன செய்வான்? ஆடுகிற இடத்தில் நாற்காலி போட்டான், சின்னக் குழு போதும் என்றான். சார்லி பார்க்கர், டிஸி கிலெஸ்பி எல்லாம் வேகமான, சிக்கலான பாணிக்குப் போனதற்கு வரி மட்டும் காரணமில்லை, அவர்கள் ஏற்கெனவே அந்த வழியில்தான் இருந்தார்கள். ஆனாலும் உட்கார்ந்து கேட்கிற சங்கீதமாக ஜாஸ் மாறியதில் அந்த வரிக்குப் பங்கு உண்டு. அப்புறம் 1948இல் எல்பி வந்தது. 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான், எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் தாராளம். ஒன்பது நிமிஷ 'ஸோ வாட்' அதனால்தான் தட்டில் ஏறியது.

ஆக, உட்கார்ந்து தலையாட்டுவது ஜாஸின் பிறவிக் குணம் இல்லை. நடுவில் ஒரு இருபது முப்பது வருஷப் பழக்கம். நாம் அதையே ஜாஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். லண்டன் பையன்கள் ஆட வைக்கிறார்கள் என்றால் பழைய வேலையைத்தான் திரும்பச் செய்கிறார்கள்.

இங்கேயும் அப்படித்தான் இருந்தது. பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆடியது ஸ்விங் பாட்டுக்குத்தான். எங்கள் அப்பா ராத்திரி ஷார்ட்வேவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பிடிப்பார். வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி, 'டேக் தி ஏ ட்ரெய்ன்' முகப்பு இசையோடு ஆரம்பிக்கும். இரைச்சலுக்கு நடுவே பெரிய பேண்டுக்காரர் டியூக் எலிங்டன். அந்த எலிங்டனே 1963இல் தன் குழுவோடு இந்தியா வந்தார், மெட்ராஸிலும் வாசித்தார். அந்தப் பயணத்திலிருந்துதான் அவரும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 'ஃபார் ஈஸ்ட் ஸூட்' எழுதினார்கள். அதில் டில்லி மைனா ஒன்று கிளாரினெட்டில் கூவும், தேடிக் கேளுங்கள்.

தகதிமி:

உட்கார்ந்து கேட்பது பழக்கம்தான் என்பது நமக்கும் பொருந்தும். கோயில், அரண்மனை, கல்யாண வீடு என்று இருந்ததை சபா ஹாலுக்குக் கொண்டுவந்ததும் கச்சேரி முறையே மாறியது. ம்யூசியம் என்று ஜாஸைச் சொன்னால் மியூசிக் அகாடமி வாசலிலும் அதே போர்டை மாட்ட வேண்டியிருக்கும்.

சைதாப்பேட்டை சந்தேகம்:

அகாடமியைத் தொடாதீர்கள்.

பூஞ்சை படிந்த எல்பி:

சண்டையை நிறுத்த ஒரு சமாதானப் பாட்டு. ஆலிஸ் கோல்ட்ரேன், 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. தம்பூரா நாதம், அதன்மேல் ஸெஸில் மக்பீயின் பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், அப்புறம் ஆலிஸின் ஹார்ப் அலையாக வந்து மூடும். திருவல்லிக்கேணி சாருக்கு 'ஸோ வாட்'டைவிட இதுதான் சீக்கிரம் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன், ஏனென்றால் இதில் தம்பூரா நகராது. தலைப்பில் இருக்கிற சச்சிதானந்தர் யார் தெரியுமா? கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1969 வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்தவரும் அவரே. கணவர் ஜான் இறந்த துக்கத்தில் இருந்த ஆலிஸுக்கு அவர் குருவானார்.

ஓஎம்ஆர் ஆந்தை:

இது தெரியாது அண்ணா! செட்டிபாளையமா! எங்கள் பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தான்.

தமிழ்த் தொடர்பு என்றால் விஜய் ஐயரை விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் பிறந்த தமிழ் வீட்டுப் பையன், பியானோ. கர்நாடக சங்கீத வரிசையில் சேர்க்க நினைத்துக் கேட்காதீர்கள், ராகம் தேடினால் கிடைக்காது. 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) டிரியோ ஆல்பம் கேளுங்கள், கணக்கு எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். நம் காதுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் 'தீர்த்தா' (2011): ஐயரோடு கிட்டாரில் ஐஐடி மெட்ராஸில் படித்த பிரசன்னா, தப்லாவில் நிதின் மிட்டா.

திருவல்லிக்கேணி ரசிகர்:

கத்ரி கோபால்நாத் வாசித்ததை ஜாஸ் என்று சொல்லலாமா? அவர் சாக்ஸபோனை நான் எத்தனையோ சீசன் கேட்டிருக்கிறேன்.

பெரம்பூர் பேஸ்:

இல்லை சார், அது சுத்தக் கர்நாடக சங்கீதம். சாக்ஸபோன் என்பதால் ஜாஸ் ஆகாது, வயலின் வாசிப்பதால் லால்குடி ஜெயராமன் மொசார்ட் ஆகாத மாதிரி. ஆனால் அவரும் ஜாஸ்காரர்களும் ஒருவரையொருவர் தேடிப் போயிருக்கிறார்கள். 1980 பம்பாய் ஜாஸ் யாத்ராவில் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். பிறகு ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'கின்ஸ்மென்', 2008. இரண்டுமே ஆல்டோ சாக்ஸ். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒருவர் ஸ்வரத்தை அசைத்து நெளித்துக் கொண்டுபோவார், மற்றவர் அதையே கூர்மையாக வெட்டி வெட்டிப் போடுவார். கன்யாகுமரி அம்மாவின் வயலினும் உண்டு. இணைவு இசை என்ற பெயரில் வருகிற பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் மரியாதைக்காக அடக்கி வாசிக்கும். இதில் யாரும் அடக்கி வாசிக்கவில்லை. 'சக்தி' குழுவும் அப்படித்தான், குறிப்பாக 1976இல் வந்த முதல் ஆல்பம். விக்கு விநாயக்ராமின் கடம் ஜான் மெக்லாக்லினின் கிட்டாரை ஓட ஓட விரட்டும்.

சினிமா வழியாகவும் வரலாம். 'இருவர்' படத்தில் ஆஷா போஸ்லே பாடிய 'வெண்ணிலா வெண்ணிலா', அப்புறம் 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி'. பித்தளை வாத்தியங்கள் எங்கே தள்ளி விழுகின்றன என்று கவனியுங்கள். அந்த ஊஞ்சல் (ஸ்விங்) பிடிபட்டால் எலிங்டன் பாதி புரிந்த மாதிரி.

நம் ஊரில் இதை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் இருந்தார், பியானோக்காரர் மாதவ் சாரி. 2015இல் போய்விட்டார். அந்த இடம் அப்படியே கிடக்கிறது என்பது என் வருத்தம்.

சைதாப்பேட்டை சந்தேகம்:

சரி, உண்மையைச் சொல்கிறேன். ராத்திரி 'கின்ஸ்மென்' கேட்டேன். ஆலிஸ் அம்மாவையும் கேட்டேன். இரண்டாவது நன்றாகவே இருக்கிறது. கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்' என்று ஒன்றைப் பற்றி எல்லோரும் உருகுகிறார்களே, அது?

பூஞ்சை படிந்த எல்பி:

1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கோல்ன் நகர ஆபரா ஹால், ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. அவர் கேட்ட பியானோ வரவில்லை. இருந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ, மேல் ஸ்தாயி தகர டப்பா, கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை. அதனால் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடது கையில் ஒரே உருவைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒரு மணி நேரத்துக்குமேல் வாசித்துவிட்டார். முன்தயாரிப்பு ஒன்றும் இல்லை, முழுக்க மனோதர்மம். ஜாஸா என்று கேட்டால் ஜாஸ்காரர்களே அடித்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பிடிக்கும், முதல் பகுதி மட்டும் போதும்.

ஓஎம்ஆர் ஆந்தை:

ஏப்ரல் 30 ஜாஸ் தினம். நகரில் எங்காவது கச்சேரி இருந்தால் இங்கே போடுகிறேன், எல்லோரும் வாங்க. சைதாப்பேட்டை அண்ணாவுக்கு லாஃபே பாட்டு ஒன்று அனுப்பட்டுமா? என் வயசுப் பசங்களை ஜாஸ் பக்கம் இழுத்துவிட்டதே அந்தப் பெண்தான்.

சைதாப்பேட்டை சந்தேகம்:

கேட்டாயிற்று தம்பி. 2024இல் கிராமி கொடுத்தவர்களே அதை ஜாஸ் பிரிவில் வைக்கவில்லை, பாரம்பரிய பாப் பிரிவில்தான் வைத்தார்கள். ஏப்ரல் 30க்கு வருகிறேன், ஆனால் லாஃபே ஜாஸ் இல்லை.

ஓஎம்ஆர் ஆந்தை:

அதுக்குத் தனி இழை ஆரம்பிக்கிறேன் அண்ணா, அங்கே வாங்க.